வேடனாக வந்த முருகன், குரல் மாறிய வள்ளி... தெரியுமா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சோழவந்தான் ஒரு சின்ன ஸ்டேஷன். விசாரித்தால் வெற்றிலைக் கொடிக்காலைச் சொல்வார்கள். அந்த வெற்றிலை புவிசார் குறியீடு வாங்கியதைச் சொல்வார்கள். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தைச் சொல்வார்கள். ஆனால் தமிழ் சினிமாவுக்கு ஒரு முருகனையே இந்த வட்டாரம் பெற்றுக் கொடுத்திருக்கிறது, தெரியுமா? வைகையைத் தாண்டினால் அக்கரையில் தென்கரை, மூலநாதர் கோயில் இருக்கும் கிராமம். டி.ஆர்.மகாலிங்கம் என்ற பெயருக்கு முன்னால் நிற்கிறதே ஒரு 'டி', அது இந்தத் தென்கரையேதான்!

அவர் முருகனாக நடித்த படம் 'ஸ்ரீவள்ளி'. 1945 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளிவந்தது. தயாரித்து இயக்கியவர் ஏ.வி.மெய்யப்ப செட்டியார், அதாவது ஏவி.எம். வள்ளி, குமாரி ருக்மணி. எண்பது வருஷமாக இதைப் பக்திப் படம் என்று ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது அசல் மாயாஜாலக் காதல் கதை!

கதையை நிதானமாக யோசித்துப் பாருங்கள், மயக்கமே வரும். தவத்தில் இருந்த ஒரு முனிவரின் பார்வை பட்டு ஒரு மான் கருத்தரிக்கிறது. பிறந்ததோ மனிதக் குழந்தை! தன் இனம் இல்லையே என்று மான் மிரண்டு ஓடிப்போகிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து அழுகிற குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் கண்டெடுக்கிறான். ஆக, வள்ளி மானுக்கும் சொந்தமில்லை, முனிவருக்கும் சொந்தமில்லை, பிறப்பால் வேடர் குலத்துக்கும் சொந்தமில்லை. தினைப்புனத்தில் பரண் மேல் தனியாக உட்கார்ந்து கிளி ஓட்டுகிற பெண். அவளைத் தேடி வருகிறவனோ தேவசேனாபதி. மலைக்காட்டில் அவன்தான் அந்நியன்! சொந்த உருவத்தோடு வர முடியாது. வேடனாக வருகிறான். அப்பன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகிறான். பிறகு தேனும் தினைமாவும் கேட்டுத் தள்ளாடும் கிழவனாக வருகிறான். மொத்தக் காதலும் வேஷத்திலேயே நடக்கிறது. எந்த உலகத்திலும் முழுசாக ஒட்டாத இரண்டு பேர் நடுக்காட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. இதற்குமேல் ஒரு ஃபேண்டஸிக்கு என்ன வேண்டும்?

இந்தக் கதைக்கு என்ன வயசு தெரியுமா? காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் விரிவாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பல நூற்றாண்டு முன்னால் நற்றிணையிலேயே முருகனும் வள்ளியும் ஜோடியாக வந்துவிடுகிறார்கள்! சங்கப் புலவர் ஒருவர் தன் காதலர்களுக்கு உவமை தேடும்போது இவர்களைத்தான் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இனி உலகத்தின் அந்தக் கோடிக்கு ஒரு தாவல். 2018 மார்ச்சில் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் உட்பட நான்கு விருதுகளை அள்ளிய 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' நினைவிருக்கிறதா? மெக்சிகோக்காரர் கியெர்மோ டெல் டோரோ இயக்கியது. 1962-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ரகசிய ஆராய்ச்சிக்கூடம், அங்கே தரை துடைக்கும் வாய் பேசாத எலைசா, தொட்டியில் சங்கிலியால் கட்டிக் கிடக்கும் நீர்வாழ் மனிதன், இருவருக்கும் காதல். மேல்நாட்டு விமர்சகர்கள் இப்படியும் ஒரு கற்பனையா என்று வாய் பிளந்தார்கள். நமக்கு என்ன ஆச்சரியம்? எலைசாவும் கண்டெடுத்த குழந்தைதான், ஆற்றோரம் கிடந்தவள். அந்த நீர் மனிதனையும் அவன் பிறந்த தென்னமெரிக்க நதிக்கரையில் தெய்வமென்றே கும்பிட்டார்கள்! கண்டெடுக்கப்பட்ட பெண், இடம் மாறி வந்த தெய்வம். நம் தினைப்புனத்துக்கும் அவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் ஒரு கடல்தான் குறுக்கே கிடக்கிறது. எலைசாவுக்குக் குரல் கிடையாது என்பதை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். ஏனென்றால் 'ஸ்ரீவள்ளி'யின் மிகப் பெரிய அதிசயம் வள்ளியின் குரல்தான்!

நடந்தது இதுதான். மகாலிங்கத்துக்குச் சாரீரம் உச்சியைப் பிளக்கும். பிருகா உருண்டு விழும். பக்கத்தில் ருக்மணி பாடியபோது தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படம் முழுக்க எடுத்து முடித்தாகிவிட்டது, வள்ளி சொந்தக் குரலில் பாடி வாயசைத்த காட்சிகள் எல்லாம் பிலிமில் ஏறிவிட்டன. மெய்யப்ப செட்டியாருக்கு மட்டும் திருப்தியில்லை. வேறொருவராக இருந்தால் விதியே என்று விட்டிருப்பார். இவர் பி.ஏ.பெரியநாயகியைக் கூப்பிட்டார். ருக்மணியின் உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வள்ளியின் பாட்டுகளை மறுபடி பாட வைத்தார். பழைய குரலை எடுத்துவிட்டுப் புதுக் குரலைச் சேர்த்தார்!

இது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? பின்னணிப் பாட்டு என்றால் முதலில் பாட்டு, பிறகு அதற்கு வாயசைப்பு. பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு நடிகையைப் பழக்கிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். உதடு ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டது. இனி அதை மாற்ற முடியாது. எங்கே மூச்சு வாங்கினாள், எந்த எழுத்தில் நீட்டினாள், எந்தச் சங்கதியில் தலையைத் திருப்பினாள் என்று திரையைப் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, இழுக்கலாம், சுருக்கலாம். 1945-ல் இருந்தது கண்ணும் காதும் பொறுமையும்தான். கிட்டத்தட்ட எல்லாரும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கதாநாயகியின் குரலையே கழற்றி மாட்டியிருக்கிறார்கள்!

செட்டியாருக்கு இந்தக் குரல் பைத்தியம் எங்கிருந்து வந்தது? அவர் சினிமாவுக்கு வந்த வழியே இசைத்தட்டு வழி. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கூட்டாளிகளோடு கிராமபோன் தட்டு வியாபாரம் நடத்தியவர். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் விற்றுப் பழகிய காது அது! 1938-ல் அவர் எடுத்த 'நந்தகுமார்' படத்திலேயே டி.பி.ராஜலட்சுமிக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்பார்கள். அதே படத்தில் பாலகிருஷ்ணனாக வந்த பையன் யார் தெரியுமா? நம் தென்கரை மகாலிங்கம்! அது மட்டுமா, கன்னடத்தில் வந்த 'ஹரிச்சந்திரா' படத்தை அப்படியே தமிழ் பேச வைத்து வெளியிட்டாரே, இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதுவும் 'ஸ்ரீவள்ளி'க்கு முன்னால். ஒருத்தர் குரலை இன்னொருத்தர் வாயில் வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்த கலையாகிக்கொண்டிருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், வியாபாரமாக அது சரிதான். பெரியநாயகியின் குரல் மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடாக நிற்கிறது. ஆனாலும் வாதாடி, கோபித்து, கடைசியில் மனம் இளகுகிற ஒரு பெண்ணின் கதையில் அவள் குரலே அவளுடையதில்லை என்பது ஒரு முள்ளாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த யானை! கிழவனை வள்ளி ஏசி விரட்டியதும், அண்ணன் விநாயகர் யானையாக வந்து பிளிறுகிறார். பயந்து ஓடிவந்து கிழவனையே கட்டிக்கொள்கிறாள். புராணத்தில் அது தெய்வத் திருவிளையாட்டு. இன்றைய கண்ணால் பார்த்தால், சம்மதம் வாங்குவதற்கு யானையை ஏவுவதா என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

சரி, மகாலிங்கத்தின் குரலாவது முழுக்க அவருடையதா? அங்கேயும் ஒரு திடுக்கிடும் கதை இருக்கிறது!

'காயாத கானகத்தே' என்று ஒரு பாட்டு. வேடனாக வந்த முருகன் வள்ளியைப் பார்த்துப் பாடுவது. மகாலிங்கம் 'ஸ்ரீவள்ளி'யில் பாடிப் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அதை எழுதியவர் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். மேடையில் அதைத் தன் சொத்தாகவே ஆக்கி வைத்திருந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டைக்காரர். மைக் என்பதே இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் கேட்டாக வேண்டும். அந்தத் தேவைக்கென்றே வளர்ந்த உச்சஸ்தாயி. 1933 டிசம்பரில் கிட்டப்பா கண் மூடியபோது அவருக்கு வயசு எவ்வளவு தெரியுமா? இருபத்தேழு! பன்னிரண்டு வருஷம் கழித்துத் தென்கரைப் பிள்ளை ஒருவர் அதே உச்சத்தில் அதே பாட்டை எடுத்தபோது, பழைய நாடக ரசிகர்கள் கிட்டப்பாவே திரும்பி வந்ததாகச் சிலிர்த்தார்கள். அந்தப் பாணியை மகாலிங்கமும் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சுமந்தார்.

கிட்டப்பா எந்த நாடகத்தில் தன் காதலியைக் கண்டார் தெரியுமா? இதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். 'வள்ளி திருமண'த்தில்! 1920-களின் நடுவில், இலங்கையில். அங்கே மேடைகளைக் கலக்கிக்கொண்டிருந்தவர் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள். ஏழ்மையில் ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். கிட்டப்பாவோ அக்ரகாரத்துப் பிள்ளை, அதுவும் ஏற்கெனவே மணமானவர். அவர் முருகனாகவும் இவர் வள்ளியாகவும் நின்று பாட்டுக்குப் பாட்டு மோதினார்கள். மேடைக் கல்யாணம் நிஜக் கல்யாணமாக முடிந்தது. சாதியும் ஊரும் குடும்பமும் சம்மதிக்காத காதல், அசல் வள்ளி கதை! ஆறேழு வருஷத்தில் கிட்டப்பா போய்விட்டார். இருபத்தைந்து வயசில் வெள்ளைப் புடவை உடுத்திய சுந்தராம்பாள் கடைசிவரை அதை மாற்றவில்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி. பிறகு எப்படி சினிமாவில் நடித்தார்? 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்து ஒரு லட்சம், ஐயா!

அந்த சுந்தராம்பாளும், கிட்டப்பாவின் குரல் வாரிசான மகாலிங்கமும் ஒரே படத்தில் இருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1965-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்'. அவர் ஔவையார், இவர் பாணபத்திரர். மதுரைச் சொக்கநாதர் சந்நிதியில் பாடும் ஏழைப் பாணர் வேடத்தை, அதே மதுரைச் சீமையில் வைகைக் கரையில் பிறந்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்! பெரிய பெரிய நட்சத்திரங்களே இரவல் குரலில் வாயசைத்த படத்தில் மகாலிங்கத்துக்கும் சுந்தராம்பாளுக்கும் மட்டும் யாரும் குரல் கொடுக்கத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. 'ஸ்ரீவள்ளி' வந்த நேரம் எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? தமிழ்நாட்டின் பாட்டு ராஜா எம்.கே.தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த ஓட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே, டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது! படம் தியேட்டரில், நாயகர் சிறையில். 1947-ல்தான் வெளியே வந்தார். ஊர் முழுக்கப் பாட்டுக்கு ஏங்கிக் கிடந்த அந்த இடைவெளியில்தான் 1945 ஏப்ரலில் மகாலிங்கத்தின் குரல் கொட்டகைகளில் எழும்பியது. திறமை இருந்தால் மட்டும் போதாது, காலமும் கதவைத் திறக்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, குரலை இழந்த ருக்மணி என்ன ஆனார்? அடுத்த வருஷமே, 1946-ல் 'லவங்கி' என்ற படம். இயக்கி நாயகனாக நடித்தவர் ஒய்.வி.ராவ். கதை என்ன? மொகலாய தர்பாருக்குப் போன ஜகந்நாத பண்டிதருக்கும் லவங்கி என்ற முஸ்லிம் பெண்ணுக்கும் காதல். மறுபடியும் வேறு வேறு உலகத்துக் காதலர்கள்! ஒய்.வி.ராவும் ருக்மணியும் மணந்துகொண்டார்கள். அவர்களுடைய மகள்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய நடிகை லட்சுமி! இந்த ஒய்.வி.ராவ் மதுரைக்காரர்களுக்கு அந்நியரே இல்லை. 1937-ல் பாகவதரை வைத்து 'சிந்தாமணி' படத்தை இயக்கியவர் அவர்தான். அதைத் தயாரித்தது மதுரையின் ராயல் டாக்கி டிஸ்ட்ரிபியூட்டர்ஸ். படம் கொட்டிய லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரையே கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். ஒரு படம் தியேட்டராக மாறிய அதிசயம் வேறெங்கே நடக்கும்?

இதோடு முடியவில்லை. 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன்; அவர் மனைவி மீனாட்சி அம்மாளாக ருக்மணி. அதே வருஷம் இன்னொரு 'ஸ்ரீவள்ளி' வந்தது, அதில் முருகனாக நடித்தவரும் சிவாஜிதான்! பழைய வள்ளியும் புது முருகனும் வேறு ஒரு படத்தில் கணவன் மனைவி. இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டா செய்திருப்பார்கள்?

சினிமா வள்ளிக்கு வம்சாவளியே உண்டு. 1933-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவுக்குப் போய் 'வள்ளி திருமணம்' எடுத்துக்கொண்டு வந்தார். அதில் வள்ளி யார்? 1931-ல் 'காளிதாஸ்' மூலம் தமிழ் பேசும் படத்தின் முதல் கதாநாயகியான டி.பி.ராஜலட்சுமி. ஆக, தினைப்புனக் காட்சிக்கு வங்காளத்து மண்! மாயக் காதல் வரிசையில் 1944-ன் 'ஜகதலப்பிரதாபன்' இன்னும் கூத்து. தேவலோகத்துப் பெண்களைத் தேடிப் போகும் இளவரசனாக பி.யு.சின்னப்பா. ஒரே கச்சேரி மேடையில் பாட்டும் பக்கவாத்தியமுமாக ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய கேமராவில் அதை எப்படி எடுத்தார்கள் என்று இன்றைக்கும் அதிசயித்துப் பேசுகிறார்கள்.

ஆனால் நிஜமான வள்ளியைப் பார்க்க வேண்டுமா? தியேட்டர் வேண்டாம். மதுரையைச் சுற்றி ஏதாவது கிராமத்துத் திருவிழாவுக்குப் போங்கள். ஸ்பெஷல் நாடகம் போட்டிருப்பார்கள், நாடகம் பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான்! இதன் அதிசயம் தெரியுமா? இது ஒரே கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியாகப் புக் பண்ணி வரவழைப்பார்கள். ஒத்திகையே கிடையாது! முருகனும் வள்ளியும் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் முதன்முதலாக முகம் பார்க்கலாம். இரவு பத்து மணி வாக்கில் பபூன் வந்து சிரிக்க வைத்துத் தொடங்கினால், வள்ளி கழுத்தில் மாலை விழும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

நடுவில் என்ன நடக்கும்? தர்க்கம்! முதலில் நாரதருக்கும் வள்ளிக்கும். பிறகு வேடனுக்கும் வள்ளிக்கும். பாட்டு, வசனம், இலக்கணம், புராணம், நையாண்டி, ஊர் வம்பு எல்லாம் கலந்து மணிக்கணக்கில். எதிராளி என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. பதில் தெரியாமல் வள்ளி திணறினால் ஊரே சிரித்துவிடும். நாரதர் திணறினால் இன்னும் பலமாகச் சிரிக்கும். நல்ல ஸ்திரீபார்ட் கிடைத்துவிட்டால், அன்று ராத்திரி முருகனின் பாடு திண்டாட்டம்தான்! சினிமாவில் கழற்றி மாட்டப்பட்ட வள்ளியின் குரல் இங்கே விடிய விடியக் கேட்கும், அவளுடைய சொந்தக் குரலாக, தொண்டை கட்டினாலும் விடாமல். இந்த ஒரு விஷயத்தில் எந்தத் திரைப்படத்தையும்விட மேடைக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். அந்த ஸ்திரீபார்ட் அம்மாக்களை ராத்திரி கைதட்டி ரசிக்கிற ஊர், விடிந்ததும் சம்பந்தம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ராத்திரியெல்லாம் ஊருக்கு நடுவில் நின்றாலும் வெளியாள்தான். அமெரிக்க ஆய்வாளர் சூசன் சீசர் மதுரையிலேயே தங்கி இவர்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார், 2005-ல் வந்தது.

இத்தனைக்கும் மூலபுருஷர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் நாடக சபையின் பெயரை ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்க்கலாம்: தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை! டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்லிப் பூரிக்கிறார்கள். அவர் 1922-ல் மறைந்தார். அவருக்கு மதுரை தமுக்கத்தில் சிலை இருக்கிறது.

மேடையை விட்டுக் கோயிலுக்கு வருவோம். முருகனுக்கு இரண்டு கல்யாணம் என்பது தெரியும். மதுரையில் எந்தக் கல்யாணம் நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? திருப்பரங்குன்றத்தில் நடப்பது தெய்வானை கல்யாணம். இந்திரன் மகள், பெரியவர்கள் நிச்சயித்தது. பங்குனியில் மீனாட்சியும் சொக்கநாதரும் மதுரையிலிருந்து கிளம்பிப் போய் அங்கே முன்னிற்கிறார்கள். வள்ளி கல்யாணம் மலைக்காட்டுக் களவுக் கல்யாணம். வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையில் தினைப்புனத்தைக் காட்டுவார்கள்.

கடல் தாண்டி இலங்கையில் இன்னும் வேடிக்கை. கதிர்காமத்தில் வள்ளி அந்த மண்ணின் வேடர் மகள். வேடர்கள் முருகனை வீட்டு மாப்பிள்ளையாகவே உரிமை கொண்டாடுகிறார்கள். ஆடித் திருவிழாவில் இரவுதோறும் யானை மேல் ஊர்வலம் புறப்படும். எங்கே போகும்? வீதியின் அந்தக் கோடியில் இருக்கும் வள்ளியம்மன் கோயிலுக்கு! சாமி தினமும் ராத்திரி காதலி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்கிறார்கள். மந்திரம் இல்லை, பேச்சு இல்லை.

சரி, மகாலிங்கத்துக்குத் திரும்புவோம். அவர் வாழ்க்கை ஏறி இறங்கிய வாழ்க்கைதான். 'ஸ்ரீவள்ளி'க்குப் பிறகு 1947 பொங்கலுக்கு 'நாம் இருவர்', 1948-ல் 'வேதாள உலகம்' என்று ஏவி.எம்.மில் வரிசையாக வெற்றி. காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டு எடுத்த காலம் அது. 'வேதாள உலகம்' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். பேய் பூதம் கந்தர்வம் எல்லாம் உண்டு. பிறகு மகனின் பெயரில் சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' என்று எடுத்தார், கையைச் சுட்டுக்கொண்டார். சினிமா மறந்தேவிட்ட அவரை 1958-ல் கண்ணதாசன் தன் சொந்தப் படமான 'மாலையிட்ட மங்கை'க்கு நாயகனாகக் கூப்பிட்டார். மெல்லிசை மன்னர்களின் இசையில் அதே உச்சஸ்தாயி மறுபடி தமிழ்நாட்டை உலுக்கியது. ஆச்சி மனோரமா சினிமாவுக்கு வந்ததும் அந்தப் படத்தில்தான்!

அந்த மறுபிறவிக்குப் பிறகுதான் 1961-ன் 'ஸ்ரீவள்ளி', டி.ஆர்.ராமண்ணா இயக்கியது. சிவாஜி முருகன் என்றேன் அல்லவா? வள்ளி, பத்மினி. இரண்டு பேரையும் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனாலும் பழைய 'ஸ்ரீவள்ளி' பிடித்த இடத்தை இது பிடிக்கவில்லை. நடிப்பு கூடிய இடத்தில் பாட்டு கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது என்பேன். அதில் வள்ளியைப் பற்றி முருகனிடம் போய்ச் சொல்லிக் கலகத்தை மூட்டிவிட ஒரு நாரதர் வேண்டுமே? தம்பூராவைத் தோளில் போட்டுக்கொண்டு பாடியபடி வந்தவர், பதினாறு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளையாக நின்ற அதே டி.ஆர்.மகாலிங்கம்!